இரண்டு நூல்

ஆசாரிகளும் கொத்தனார்களும் குழாய் வேலைக்காரர்களும் அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டு ஒரு பங்கை நூல் என்கிறார்கள். மெட்ரிக் அளவு வந்து அறுபது வருஷத்துக்கு மேலாகியும் மரக்கடையில் இந்தப் பாஷை போகவில்லை. டென்னிஸ் மட்டையின் கைப்பிடியும் நூல் கணக்கில்தான் பருத்து இளைக்கிறது. பிடியின் சுற்றளவு நாலு அங்குலத்தில் தொடங்கி நூல் நூலாக ஏறும்: 4 1/8, 4 1/4, 4 3/8, 4 1/2, 4 5/8. ஐரோப்பியர்கள் இதையே பூஜ்யம் முதல் ஐந்து வரை எண் போட்டு விற்கிறார்கள். மூன்றாம் எண் என்றால் நாலு அங்குலம் மூன்று நூல். ஐந்தாம் எண் என்றால் நாலு அங்குலம் ஐந்து நூல். எங்கள் ஊர் ஆசாரியிடம் சொன்னால் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்வார்.

என் கைக்கு உரியது மூன்று நூல். பதின்மூன்று வயதிலிருந்து நான் ஆடிய மட்டையில் அச்சிட்டிருந்தது ஐந்து நூல். இந்த இரண்டு நூல் வித்தியாசத்தை வைத்து நான் என் அப்பாமேல் ஒரு வழக்கு நடத்தினேன். வாய்விட்டுச் சொன்னது இரண்டே தடவை. மனசுக்குள் முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. அதில் ஒரு பகுதி கவிதையாக அச்சிலும் ஏறியது. வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிப் பார்க்கத்தான் இது.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிளப்பில் மார்க்கர். ஆட்டத்தின் புள்ளிகளைக் குறிக்கிறவர் என்பது அந்தச் சொல்லின் பழைய அர்த்தம். அவர் புள்ளி குறித்து நான் பார்த்ததில்லை. விடியுமுன் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிப்பார். சாணி கரைத்து மெழுகியது காய்ந்ததும் கயிற்றைத் தோளில் போட்டு ரோலர் இழுப்பார். சுண்ணாம்பால் கோடு போடுவார். வலையைக் கட்டுவார். சாயங்காலம் மெம்பர்கள் வந்தால், ஆள் குறைகிற பக்கம் நின்று ஆடுவார். யாரை ஜெயிக்க வேண்டும், யாரை ஜெயிக்கக் கூடாது, யாரிடம் எத்தனை கேமில் தோற்றால் அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கிளப்பில் அவருக்குப் பெயர் கிடையாது. "மார்க்கர்" என்று கூப்பிட்டால் வருவார்.

டென்னிஸில் முதல் பாடம் மட்டையோடு கைகுலுக்குவது. எதிரே இருப்பவர் கையை நீட்டினால் எப்படிப் பற்றுவோமோ அப்படி மட்டையின் பிடியைப் பற்ற வேண்டும். கடைசிப் பாடமும் கைகுலுக்குவதுதான். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவனும் தோற்றவனும் வலைக்கருகே வந்து கை கொடுத்துக்கொள்வார்கள். அப்பாவோடு ஆடியவர்கள் அப்படிச் செய்ததாக எனக்கு ஞாபகமில்லை. துண்டு கேட்பார்கள்.

1968-ல் அந்தக் கிளப்பின் மெம்பரான ஒரு வக்கீல் தன் பழைய மட்டையை அப்பாவிடம் கொடுத்தார். எங்கள் ஊரில் அநேகமாக எல்லோர் கையிலும் ஜலந்தரிலோ மீரட்டிலோ செய்த மட்டைதான். தேசப் பிரிவினையின்போது சியால்கோட்டை விட்டு வந்தவர்கள் ஜலந்தரில் நிலைநாட்டிய தொழில் அது. வக்கீலின் மட்டை அப்படியல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த டன்லப் மேக்ஸ்ப்ளை. நாலு மூலையிலும் திருகாணி வைத்த மரச் சட்டத்துக்குள் இறுக்கி வைத்திருந்தார்கள், மரம் கோணிவிடாமல் இருப்பதற்காக. கழுத்துக்குக் கீழே பக்கவாட்டில் எடை நடுத்தரம் என்பதற்கு ஓர் எழுத்தும் பிடி 4 5/8 என்று ஓர் எண்ணும் சிறிதாக அச்சிட்டிருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மட்டையின் வாசனை மட்டும் தெரிந்தது: வார்னிஷ், தோல், யாரோ ஒருவருடைய வியர்வை.

"கையக் காட்டுலே" என்றார் அப்பா.

பிடி சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கைகுலுக்குகிற பிடியில் மட்டையைப் பற்றிக்கொண்டால், மோதிர விரலின் நுனிக்கும் கட்டைவிரல் அடிச் சதைக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். மற்றக் கையின் ஆள்காட்டி விரல் அதில் நெருக்கடி இல்லாமல் படுக்க வேண்டும். விரல் நுழையாவிட்டால் பிடி சிறிசு. விரல் போய் இன்னும் இடம் இருந்தால் பெரிசு. அப்பா என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தன் ஆள்காட்டி விரலை என் கைக்குள் வைத்துப் பார்த்தார். தண்ணீர் வாளியும் ரோலர் கயிறும் தடிக்க வைத்த விரல். இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்றார்.

வைத்துப் பார்க்க வேண்டியது என் விரல் என்று இருபது வருஷம் கழித்துத் தெரிந்தபோது எனக்கு வந்தது சிரிப்பல்ல. அவர் விரல் நிறைகிற இடைவெளியில் என்னுடைய இரண்டு விரலாவது படுத்திருக்கும்.

பெரிய பிடி என்ன செய்யும் என்பதை வார்த்தையில் சொல்வது கடினம் இல்லை. டென்னிஸ் மட்டையின் பிடி உருண்டையானதல்ல, எட்டுப் பட்டை உள்ளது. பந்து வலப்பக்கம் வந்தால் உள்ளங்கை ஒரு பட்டையில் இருக்க வேண்டும். இடப்பக்கம் வந்தால் இன்னொரு பட்டைக்கு நகர வேண்டும். பிடி பருமனாக இருந்தால் கை நகரத் தாமதமாகும். சர்வீஸ் போடும்போது மணிக்கட்டு கடைசியில் ஒரு சொடுக்குச் சொடுக்க வேண்டும். அது பாதியில் நின்றுவிடும். பிடி சிறுத்திருந்தால் வேறு கஷ்டம். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் மட்டை கைக்குள் திரும்பிக்கொள்ளும். திரும்பாமலிருக்க விரல்கள் நெரிக்கும். ஒரு நூல் என்பது சுற்றளவில் மூன்று மில்லிமீட்டர். விட்டத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர். ஆனால் கை மில்லிமீட்டரை உணரும் என்று நான் நம்பினேன். எழுதுகிறவனுக்கு ஸ்பரிசம் கூர்மை என்பதில் அப்போதெல்லாம் எனக்கு அபார நம்பிக்கை.

மட்டை வந்த ஒரு மாசத்தில், பிடியை ஆசாரியிடம் கொடுத்துக் கொஞ்சம் சீவித் தரச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மரப்பிடியில் அது நடக்கிற காரியம். அடியில் அடித்திருக்கும் சின்ன ஆணியைப் பிடுங்கித் தோலைச் சுற்றி அவிழ்த்தால் உள்ளே மரம்தான். எட்டுப் பட்டையும் கெடாமல் இழைத்துவிட்டுத் தோலைத் திரும்பச் சுற்றலாம். அப்பா கோர்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அய்யா கேட்டா?"

"குடுத்துட்டாருல்லா."

"குடுத்தாரு. கேட்டா?"

அவர் அதற்குமேல் பேசவில்லை. "கை வளரும்" என்று மட்டும் பிறகு ஒரு நாள் சொன்னார். வக்கீல் கேட்கவே இல்லை. ஆனால் அவர் கேட்கக்கூடும் என்கிற சாத்தியத்தோடுதான் அந்த மட்டை எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. எனக்குக் கிடைத்தது மட்டையின் உபயோகம் மட்டும் என்றும், அளவு இன்னொருவருடையதாகவே இருந்தது என்றும் பின்னால் எழுதினேன். எழுதியபோது நல்ல வாக்கியமாகப் பட்டது.

1971-ல் பக்கத்து ஜில்லாவில் பையன்களுக்கான ஒரு போட்டி. அப்பா லீவு சொல்லிவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். எதிரே ஆடிய பையன் இரண்டு மட்டை கொண்டுவந்திருந்தான். நான் முதல் செட்டை எடுத்தேன். இரண்டாவது செட்டில் நாலுக்கு நாலு என்று இருந்தபோது ஒரே கேமில் மூன்று தடவை இரண்டு சர்வீஸும் தவறின. அதற்கப்புறம் கை என்னுடையதாக இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் மட்டையை நெரித்தேன். அப்பா வெளியிலிருந்து ஒரு தடவை மட்டும் குரல் கொடுத்தார். "கயித்தப் பிடிக்க மாதிரிப் பிடிக்காதலே." ஊரில் ரோலர் இழுக்கும்போது கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன்: "அது வக்கீல் கைக்குச் செஞ்ச மட்ட. எங் கைக்கில்ல." அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கயத்தாறு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. கயத்தாறில் காப்பி வாங்கித் தந்தார்.

இது முதல் தடவை.

ஐந்து வருஷம் கழித்து பாங்க் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். மட்டையும் கூட வந்தது. 1978-ல் அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். பிறர் கைக்கு அளவெடுத்த பிடியைப் பற்றிக்கொண்டு ஓடுகிற ஒருவன், அளவு சரி என்று சாட்சி சொல்கிற தகப்பன். நண்பர்கள் அதன் படிமத்தைப் பாராட்டினார்கள். ஒருவர் அதில் வர்க்கத்தைக் கண்டார், இன்னொருவர் மரபின் சுமையைக் கண்டார். நான் இரண்டையும் மறுக்கவில்லை. ஊருக்குப் போனபோது பத்திரிகையை அப்பாவிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். கவிதையைப் படித்தாரா, பக்கத்தைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. "இதுக்கு என்ன குடுப்பாங்க?" என்று கேட்டார். ஒன்றும் கொடுக்கமாட்டார்கள் என்றேன். தலையை ஆட்டினார். மார்க்கர் வேலையில் அவருக்கு அது புதிய விஷயமல்ல.

1989-ல் என் வலது முழங்கையில் வலி வந்தது. முதலில் ஆடும்போது. பிறகு தண்ணீர்ச் சொம்பைத் தூக்கும்போது, ஈரத்துணியைப் பிழியும்போது, பேனாவை இறுக்கி எழுதும்போது. மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் நிமிர்த்துகிற தசை, முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒட்டுகிற இடத்தில் பழுதுபடுவதால் வருவது இது. டென்னிஸ் எல்போ என்று பெயர். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை.

பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. விங்ஃபீல்ட் என்ற ராணுவ மேஜர் தன் லான் டென்னிஸ் ஆட்டத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1874-ல். 1883-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் 'லான் டென்னிஸ் எல்போ' என்ற தலைப்பு அச்சாகிவிட்டது. ஆனால் இந்த வலியை முதலில் விவரித்தவர் என்று மருத்துவர்கள் சொல்வது ருங்கே என்ற ஜெர்மானியரை, வருஷம் 1873. அவர் எழுதியது எழுத்தர்களுக்கு வரும் கைப்பிடிப்பு நோயைப் பற்றி. அதாவது காப்புரிமைக் கணக்குப்படி வலி ஆட்டத்தைவிட ஒரு வயது மூத்தது, பேனாவுக்குப் பிறந்தது. இது தெரிந்திருந்தால் நான் அப்போது அப்பாவை விட்டுவிட்டு எழுத்தைக் குற்றம் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டர் என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ஒரு ஸ்கேலை வைத்தார். உள்ளங்கையில் குறுக்கே ஓடும் இரண்டு ரேகைகளில் கீழே உள்ளது, ஜோசியர்கள் புத்தி ரேகை என்பார்களே, அதிலிருந்து மோதிர விரலின் நுனி வரை அளக்க வேண்டும். அந்த நீளம்தான் பிடியின் சுற்றளவு. அமெரிக்க எலும்பு மருத்துவர் நிர்ஷல் பரப்பிய முறை இது. டென்னிஸ் எல்போவுக்கான அறுவைச் சிகிச்சை பற்றி 1979-ல் பெட்ரோன் என்பவரோடு சேர்ந்து பேர்பெற்ற கட்டுரை எழுதியவர் அவர். என் கையில் ஸ்கேல் நாலு அங்குலம் மூன்று நூல் காட்டியது. இப்போது ஆடும் மட்டையில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். "கால் அங்குலம் கூட" என்றார். பிடியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்; வேறு காரணங்களையும் சொன்னார். எனக்குக் கேட்டது முதல் வாக்கியம்தான்.

1990 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதைச் சொன்னேன். பதினெட்டு வயசுக்கு மேல் கை வளராது என்றும், ஸ்கேல் வைத்து அளந்தால் கால் அங்குலம் அதிகம் என்றும், அன்றைக்கு அவர் தன் விரலை வைத்துப் பார்த்ததுதான் பிசகு என்றும் சொன்னேன். குரல் உயர்த்தவில்லை. அத்தாட்சி இருக்கும்போது குரல் உயர்த்த வேண்டியதில்லை. அப்பா தன் வலது கையை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆள்காட்டி விரலை மடக்கி நீட்டினார்.

"வளரும்னு நெனச்சேன்" என்றார்.

இது இரண்டாவது தடவை. 1994-ல் அவர் இறந்துபோனார்.

2006-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஹாட்ச் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பல வருஷம் கழித்துத்தான் என் பார்வைக்கு வந்தது. கல்லூரி அளவில் ஆடுகிற, கை வலி இல்லாத 16 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் நிர்ஷல் முறைப்படி பிடி அளந்தார்கள். அந்த அளவில் ஒரு மட்டை, கால் அங்குலம் குறைத்து ஒன்று, கால் அங்குலம் கூட்டி ஒன்று. மூன்றாலும் ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடிக்கச் சொல்லி, முன்கைத் தசைகளுக்குள் மெல்லிய கம்பிகளைச் செருகி, தசை எவ்வளவு உழைக்கிறது என்று பதிவு செய்தார்கள். மூன்று பிடிகளுக்கும் இடையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. கால் அங்குலம் முன்னே பின்னே இருப்பது இந்த நோய்க்குக் காரணமாக இல்லாமல் இருக்கலாம் என்று முடித்திருந்தார்கள்.

கால் அங்குலம். இரண்டு நூல். எனக்காகவே அளந்ததுபோல.

எதிர்வழக்கு ஆடிப் பார்த்தேன். 16 பேர் குறைவு. அவர்கள் கை வலி இல்லாதவர்கள். அவர்கள் சோதித்தது ஒரு சில நிமிஷம், நான் ஆடியது இருபது வருஷம். அவர்கள் வளர்ந்தவர்கள், நான் பையன். இவை எல்லாம் நியாயமான ஆட்சேபங்கள்தான். ஆனால் நான் ஆட்சேபம் தேடிய வேகம் எனக்கே சந்தேகமாக இருந்தது. அப்பாவின் குற்றத்தைக் காப்பாற்ற நான் ஏன் இவ்வளவு பிரயாசைப்படுகிறேன்? ரஃபேல் நடால், 2024-ல் ஆட்டத்தை நிறுத்தியவர், தன் பெரிய கைக்கு 4 1/4 அங்குலப் பிடிதான் வைத்திருந்தார் என்று ஆட்டம் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். அவருடைய கையை யார் ஸ்கேல் வைத்து அளந்தாலும் அந்த எண் வந்திருக்காது. அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

1971-ல் நான் மட்டையை நெரித்தது பிடி பெரிசு என்பதாலா, அப்பா பார்த்துக்கொண்டிருந்தார் என்பதாலா? பிடி பெரிசு என்பதுதான் பதில் என்றால் அதைச் சொல்ல ஓர் எண் போதும். எண் என்னிடம் இருந்தது, மட்டையிலேயே அச்சிட்டிருந்தது. நான் அதை வாசித்தேன். பிடியை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

போன வருஷம் அதை அளந்தேன். வேறு காரியமாகத்தான். 1980-களில் கிராஃபைட் வந்தபின் மர மட்டை மெல்ல மறைந்துபோயிற்று. பெரிய போட்டி ஒன்றில் மர மட்டையோடு ஆடி ஆண்களில் கடைசியாக ஜெயித்தவர் யானிக் நோவா, 1983-ல், பாரிஸில். என் மேக்ஸ்ப்ளையும் 1989-க்குப் பிறகு சுவரில்தான் இருக்கிறது. என் மகள்வழிப் பேத்திக்குப் பன்னிரண்டு வயது, டென்னிஸ் கற்றுக்கொள்கிறாள். அவளுக்குக் காட்டுவதற்காக மட்டையை இறக்கினேன். தோல் இற்றுப்போய்த் தூள் தூளாகக் கையில் ஒட்டியது. மாற்றிவிடலாம் என்று, பழைய தோல் மேலேயே ஒரு நூலைச் சுற்றி (இது தைக்கிற நூல்) ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். நாலு அங்குலம் மூன்று நூலும் சொச்சமும்.

ஐந்து நூல் எங்கே போயிற்று என்று முதலில் புரியவில்லை. பழைய தோல் அமுங்கியிருக்கும். தேய்ந்திருக்கும். அதற்குக் கொஞ்சம் கழித்தாலும் கணக்கு உதைத்தது. ஆணியைப் பிடுங்கித் தோலை உரித்தேன். உள்ளே மரத்தில் ஐந்து பட்டை வழவழப்பாக, செய்தபடியே இருந்தன. மூன்று பட்டையில் அரம் போட்ட கீறல்கள். குறுக்கும் நெடுக்குமாக, முரடாக. எந்த ஆசாரியும் அப்படி விடமாட்டார். அரம் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. ரோலரின் அச்சில் துரு எடுப்பதற்கு அப்பா வைத்திருந்தது.

இவ்வளவுதான் சாட்சியம். இதிலிருந்து அப்பா என்று முடிவுகட்ட எனக்கு ஆசைதான். 1971 வெயில் காலத்தில் ஒரு நாள் காலை, மட்டையின் தோல் புதிதாகச் சுற்றியிருந்ததாகவும், கேட்டதற்கு "எளகிப் போச்சு, மாத்திக் கட்டினேன்" என்று அப்பா சொன்னதாகவும் எனக்கு ஒரு ஞாபகம் வருகிறது. ஆனால் இந்த ஞாபகம் மரத்தின் கீறலைப் பார்ப்பதற்கு முன்னால் எனக்கு இருந்ததா என்று கேட்டுக்கொண்டால் பதில் இல்லை. கீறலைப் பார்த்தபின் அதற்குத் தேவையான ஞாபகம் உற்பத்தியாகிவிட்டிருக்கலாம். வக்கீலே ஒரு காலத்தில் சீவச் சொல்லியிருக்கலாம். அவர் கையை நான் கவனித்ததில்லை. கோட்டுக் கைக்கு வெளியே அது எவ்வளவு பெரிசாக இருந்தது என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. அவர் கை பெரிசு என்பதும் அந்த எண்ணிலிருந்து நான் ஊகித்ததுதான்.

எப்படியானாலும் சில விஷயங்கள் நிற்கின்றன. வக்கீல் சீவியிருந்தால், 1968-ல் அப்பாவின் விரல் என் கைக்குள் வைத்துப் பார்த்தபோது பிடி ஐந்து நூலே அல்ல. அப்பா சீவியிருந்தால், அய்யா கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடு, அவருடைய பொருளில் அரத்தை வைத்திருக்கிறார். அதை என்னிடம் சொல்லவில்லை. 1990 பொங்கலன்று நான் ஸ்கேல் கணக்குச் சொன்னபோதும் சொல்லவில்லை. எது நடந்திருந்தாலும், 1978-ல் நான் கவிதை எழுதியபோது என் கையில் இருந்த பிடி ஏறக்குறைய என் அளவுதான். கூர்மையான ஸ்பரிசம் உள்ள கை அது. இரண்டு நூல் குறைந்ததையோ, குறைந்தே இருந்ததையோ அது கண்டுகொள்ளவில்லை. கண் வாசித்த எண்ணையே கையும் உணர்ந்தது.

கவிதையைத் திரும்பப் படித்தேன். படிமம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் தொந்தரவாக இருக்கிறது. ஒரு கவிதையின் வாஸ்தவத்தை இஞ்ச் டேப் வைத்துப் பார்க்கக் கூடாது என்று இந்தப் பக்கங்களில் பலரோடு நானும் வாதாடியிருக்கிறேன். கொள்கையளவில் இப்போதும் அப்படித்தான். ஆனால் அதில் சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் ஒரு குறிப்பிட்ட மனிதர். அவருடைய விரலின் பருமன் மட்டும்தான் அதில் வருகிறது. பெயர் அதிலும் இல்லை.

மரத்தை அப்படியே விட்டுவிட்டேன். கீறலை இழைக்கவில்லை, புதுத் தோலும் சுற்றவில்லை.

அடுத்த வாரம் பேத்தியை அழைத்துக்கொண்டு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். அவள் கைக்கு ஸ்கேல் 4 1/8-க்கும் 4 1/4-க்கும் நடுவில் நின்றது. கடைப் பையன் சின்னதை எடுங்கள் என்றான். "மேல துணி கிரிப் ஒண்ணு சுத்துனா அரை நூல் ஏறும் சார். ரெண்டு சுத்துனா ஒரு நூல். ஏத்திக்கலாம். இப்ப வர்ற மட்டையில எறக்க முடியாது, உள்ள மரம் இல்ல." அவனும் நூல் என்றுதான் சொன்னான். எந்த ஊர் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பேத்தி மட்டையைக் கைகுலுக்குவதுபோல் பிடித்தாள். இடைவெளி தெரிந்தது. என் ஆள்காட்டி விரல் தானாக அதற்குள் போய்விட்டது.

"உங்க விரல் இல்ல தாத்தா, என்னோடது வைக்கணும்" என்றாள். அவளுடைய கோச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

தெரியும் என்றேன். விரலை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.